வாங்குகிற பக்கம்

தணிகாசலத்தின் காலை உடைத்தது ஓர் ஒங்கோல் காளை. அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "ஒரே ஒதை. அந்த மாரி காலு இப்ப எந்த மாட்டுக்கு கீது?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். புங்கமரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, புத்தூரில் போட்டுக்கொண்டு வந்த கட்டோடு காலைத் தவிட்டு மூட்டைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, தன்னை உதைத்த மாட்டின் புகழையே பாடிய ஆளை, பொன்னேரிப் பக்கத்து ஆரணிச் சுற்றுவட்டாரத்தில் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

அவன் மாட்டுத் தரகன். விற்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் நடுவில் நிற்பதுதான் தொழில். சந்தையில் விலையை வாயால் சொல்கிற வழக்கம் கிடையாது. துண்டை விரித்து அதற்கடியில் இரண்டு கைகள் சேரும். விரலைத் தொட்டால் ஒரு தொகை, மடக்கினால் ஒரு தொகை. வாங்குகிறவன் கை மேலே, விற்கிறவன் கை கீழே. மேலே இருக்கிற கை கீழே இருக்கிற கையை முழுசாகச் சேர்த்துப் பிடித்து ஒரு அமுக்கு அமுக்கினால் வியாபாரம் முடிந்தது. இவ்வளவும் நடக்கிறபோது இரண்டு முகங்களும் இந்த வருஷம் மழை எப்படி என்று பேசிக்கொண்டிருக்கும். பக்கத்தில் நிற்கிறவன் எட்டிப் பார்த்தாலும் துண்டுதான் தெரியும். தணிகாசலத்தின் துண்டுக்குச் சிவப்புக்கரை. கால் உடைந்து படுத்த பிறகும் அது தோளை விட்டு இறங்கவில்லை.

பொங்கல் வரைக்கும் காலை ஊன்றக் கூடாது என்று கட்டுப் போட்டவர் சொல்லிவிட்டார். அப்போது ஆவணி. நடவு முடிந்து, கூலிக்கும் யாரும் கூப்பிடாத நாட்கள். அவன் பெண்டாட்டி கெங்கம்மாள், வீட்டில் இருந்த கேழ்வரகைக் கூழாகவும் களியாகவும் மாற்றி மாற்றிப் போட்டு ஒப்பேற்றினாள். மானைக் கட்டிப் போட்டதுபோல் கிடக்கிற புருஷனைப் பார்த்தால் பாவமாக இருக்கும். அவன் வாயைத் திறந்தால் அந்தப் பாவம் போய்விடும்.

அவளுடைய அண்ணன் குப்புராஜ் ஆரணியில் புண்ணாக்குக் கடை வைத்திருந்தான். கெட்டவனில்லை. தங்கை கஷ்டப்படக் கூடாது என்று உண்மையாகவே நினைக்கிறவன். ஆனால் ஒரு உதவி செய்தால் அதைக் கடைவாசலில் உட்கார்ந்து பத்து பேருக்குச் சொல்லாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

"பின்னால மூட்ட போடற ரூம ஒழிச்சி வச்சிக்கீறேன். ஊட்ட பூட்டிக்கினு வந்துடுங்க. அண்ணி கூட கெங்கா ஒத்தாசையா இருக்கட்டும். மாப்ள கட்டில கடைக்கி முன்னால போட்டுக்கலாம்" என்றான்.

ஒத்தாசை என்றால் என்ன என்று கெங்கம்மாளுக்குத் தெரியும். அண்ணியின் அடுப்பங்கரையில் கடைசியாகச் சாப்பிட்டு, முதலில் எழுந்திருக்க வேண்டும். அதையும் பொறுத்துக்கொள்வாள். ஆனால் சந்தைக்குப் போகிற ஜனமெல்லாம் அந்தக் கடை வழியாகத்தான் போகும். நேற்றுவரை தரகரே தரகரே என்று பின்னால் வந்தவர்கள், புண்ணாக்கு மூட்டைக்குப் பக்கத்தில் இன்னொரு மூட்டையாகத் தன் புருஷன் கிடப்பதைப் பார்ப்பார்கள். அதைத்தான் அவளால் பொறுக்க முடியாது.

அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டு சாராள் ஒரு சேதி கொண்டுவந்தாள். அவள் கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்திருந்த ஒரு கம்பெனியில் பெருக்குகிற வேலை செய்தாள்.

"எக்கா, மோட்டாருக்குள்ள வக்கிற செம்புக் கம்பி சுத்தறதுக்கு ஆளு எடுக்கறாங்க. பொம்பளைங்கதான் வோணுமாம். நீ எட்டாங்கிளாஸ் பாஸுதான? வெள்ளிக்கெழம இன்டர்வியூ."

"இன்டர்வியூன்னா இன்னாமே பண்ணுவாங்க?"

"ஆளப் பாப்பாங்க."

"பாத்து?"

"பாத்து, புடிச்சா எடுத்துக்குவாங்க. அவ்ளோதான்."

கட்டிலில் கண்ணை மூடியிருந்த தணிகாசலம் எழுந்து உட்கார்ந்தான். எழுந்த வேகத்தில் கால் வலித்து ஒரு சத்தம் போட்டான். "ஆளப் பாக்கறதா? அத்த எங்கைல உடு. பொறந்ததுல இருந்து அந்த வேலதான செய்றேன்!" என்றான்.

அன்று சாயந்தரமே பாடம் ஆரம்பித்தது.

"வேலியாண்ட இருந்து நடந்து வாமே. நடை பாக்கணும்."

"நா இன்னா உன் சந்த மாடா? நடை பாக்கறானாம் நடை. அப்பால பல்ல புடிச்சி பாப்பியா?"

"பேஜாரு பண்ணாத கெங்கா. நா ஆபீஸரு. நீ வேலைக்கி வந்தவ. வா."

களி கிண்டிய துடுப்பைக் கையில் பிடித்தபடியே அவள் நடந்து வந்தாள். வந்து, கட்டிலுக்கு நேரே நிற்காமல் புங்கமரத்தை ஒட்டினாற்போல் நின்றாள். முந்தானையைத் தோளோடு இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பார்வை கீழே போயிற்று. கால் கட்டைவிரல் தானாகவே மண்ணைக் கீறத் தொடங்கிற்று. விளையாட்டுக்கு என்றாலும் ஆபீஸர் என்ற சொல் அவளை அப்படி நிறுத்திவிட்டது. அந்த ஊரில் பெரிய மனிதர்கள் முன்னால் பெண்கள் நிற்கிற விதம் அதுதான். பாதி உடம்பை ஏதாவது ஒன்று மறைக்க வேண்டும். பதிலில் பாதி முந்தானைக்குள் போக வேண்டும். மற்றபடி வாய் இல்லாதவளா கெங்கம்மாள்? தெருக்குழாயடியில் அவள் குரல் கேட்டால் குடங்கள் தாமாகவே வரிசையில் நிற்கும்.

"ஆவாது" என்றான் தணிகாசலம். "சொணங்கிப்போன மாடு மாரி நிக்கற. நான் சொல்றத கேளு. விக்க வந்தவனுக்கு வேணும்ன்ற ஆச மூஞ்சில தெரிஞ்சா பாதி வெல போச்சி. ஊட்டுக்குப் போறவன் மாரி நிக்கணும். ஒரு காலு வாசப்பக்கம். கண்ணு வேற எங்கியாச்சும். கேட்டா ஒரு வார்த்த பதிலு. நடுவுல ஒரு கொட்டாவி உடு. அப்ப பாரு, 'இரு நைனா, இரு நைனா'ன்னு வாங்கறவன் பின்னாலயே வருவான்."

கொட்டாவி விட்டும் காட்டினான். வானத்தைப் பார்த்துக் காதைச் சொறிந்துகொண்டு, தாடை கழன்று விழுகிற மாதிரி அவன் விட்ட கொட்டாவியில், வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த சாராளுக்கும் கொட்டாவி வந்தது. கெங்கம்மாள் சிரித்துச் சிரித்து அடுப்பில் களி அடிப்பிடித்தது.

சிரித்தாலும் அவள் அதை நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? வேண்டாம் என்று திரும்பி நடந்த புருஷனைத் தேடிக்கொண்டு காளாஸ்திரிப் பக்கத்துக்காரர்கள் வீட்டு வாசலுக்கே வந்து நின்றதைக் கண்ணால் பார்த்தவள். புடைக்கிறபோதும், சாணி தட்டுகிறபோதும் யாருமில்லாத திசையைப் பார்த்து அலட்சியமாக ஒரு கொட்டாவி விட்டுப் பழகினாள்.

வியாழக்கிழமை வந்த குப்புராஜ் அதைப் பார்த்துவிட்டான். விஷயத்தைக் கேட்டதும் தொடையைத் தட்டிச் சிரித்தான்.

"பொம்பளைய கம்பெனிக்கி அனுப்பறதுக்கு தரகு பாடமா? நல்லா கீது மாப்ள! போவட்டும், ஆசைக்கி ஒரு தபா போயிட்டு வரட்டும். நாளைக்கி சாயந்தரம் வண்டி கட்டிக்கினு வரேன். தட்டுமுட்டெல்லாம் ஏத்திக்கினு பொயிது எறங்கறதுக்குள்ள போயிடலாம்."

"வேல கெடச்சா?" என்றாள் கெங்கம்மாள்.

"கெடச்சா பாத்துக்கலாம்" என்றான் அவன். கிடைக்காது என்பதை அதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது. தணிகாசலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மழை வரும்போல இருக்கிறது என்றான்.

வெள்ளிக்கிழமை விடிகிறபோதே பழையதைக் கரைத்துக் குடித்துவிட்டுக் கிளம்பினாள். கல்யாணத்துக்கு எடுத்த மாம்பழக்கலர்ப் புடவை. பொன்னேரி வரை பஸ், அங்கிருந்து ரயில். சாராள் கூடவே வந்தாள். கும்மிடிப்பூண்டியில் இறங்கி, டிரங்க் ரோட்டைத் தாண்டி, முள்காடு அழித்த செம்மண்ணில் நடக்க வேண்டும். லாரி போனால் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். கம்பெனி என்றால் கோட்டை மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தாள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான கொட்டகை அது. உள்ளே வண்டுக்கூட்டம்போல் ஒரு ரீங்காரம். வார்னிஷ் வாசனை மூக்கைப் பிடித்தது.

வராந்தாவில் பெஞ்சு நிறையப் பெண்கள். முக்கால்வாசிப் பேர் அவளைவிடச் சின்னவர்கள். ஒருத்தி உள்ளே போய்க் கதவுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டு, பெயரைக்கூடச் சொல்லாமல் அழுதுகொண்டே வந்தாள். இன்னொருத்தி முகத்தில் வாட்டம். "ஒண்ணும் வாய்ல வரலக்கா" என்றாள். கெங்கம்மாளுக்குத் தைரியம் வந்தது. இவர்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கத் தரகன் இல்லை பாவம் என்று நினைத்துக்கொண்டாள்.

கூப்பிட்டார்கள். உள்ளே மேஜைக்குப் பின்னால் நெற்றியில் மெல்லிசாக ஒரு திருமண் கோடு வைத்த அதிகாரி. அனந்தபத்மநாபன் என்று சாராள் சொல்லியிருந்தாள். பக்கத்தில் காக்கிச் சட்டையில் ஃபோர்மேன் சாலமோன். எதிரில் ஒரு நாற்காலி.

"உக்காருங்கம்மா" என்றார் சாலமோன்.

உட்கார்ந்தால் வேண்டும் என்று தெரிந்துவிடும். கெங்கம்மாள் நின்றாள். ஒரு காலை வாசல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள். சுவரில் தொங்கிய காலண்டர்மேல் பார்வையை நிறுத்தினாள்.

"பேர் என்ன?"

"கெங்கம்மா" என்று காலண்டரிடம் சொன்னாள்.

"எதுக்காக இந்த வேலைக்கு வரணும்னு நெனக்கறேள்?" என்றார் அதிகாரி.

"சும்மாதான். இந்தப் பக்கம் வந்தேன். அப்டியே பாத்துட்டு போலாம்னு."

சாலமோன் நிமிர்ந்து பார்த்தார். அதுதான் தக்க சமயம் என்று பட்டது. வாயைத் திறந்து கொட்டாவி விட்டாள். பழகிய பழக்கத்தில் அது நிஜக் கொட்டாவியாகவே வந்து, கண்ணில் தண்ணீர் நின்றது.

அனந்தபத்மநாபன் பேனாவை மூடினார். கோபமில்லை. "இவாளுக்கு இஷ்டமில்ல போல இருக்கு சாலமோன். வீட்ல யாரோ கட்டாயப்படுத்தி அனுப்பியிருக்கா. பாவம். நீங்க போலாம்மா. அடுத்தவாளக் கூப்பிடுங்கோ" என்றார்.

கெங்கம்மாள் திரும்பினாள். நடந்தாள். கதவை எட்டுவதற்குள் பின்னாலிருந்து குரல் வரும் என்று காது முழுக்க முதுகிலேயே இருந்தது. இரு நைனா, இரு நைனா. கதவு வந்தது. குரல் வந்தது. சாலமோன் கூப்பிட்டது அடுத்த பெண்ணின் பெயரை.

அண்ணன் வண்டி கட்டிக்கொண்டிருப்பான். அண்ணியின் அடுப்பங்கரை. புண்ணாக்கு மூட்டைக்குப் பக்கத்தில் கட்டில். பாழாய்ப்போன மனுஷா, கொட்டாவி விடச் சொன்னியே என்று மனசுக்குள் புருஷனைத் திட்டினாள். சந்தையில் இது பலிக்காமல் போனதே இல்லையே, இங்கே எங்கே தப்பிப் போயிற்று?

நிலைப்படியில் கையை வைத்துக்கொண்டு நின்றவளுக்குப் போன தையில் வந்த ஒரு தெலுங்கு விவசாயி நினைவுக்கு வந்தான். அவன் மாடு வாங்க வந்தவன். நேரே மாட்டுக்கு முன்னால் போய் நின்றான். காலை அகட்டி ஊன்றிக்கொண்டான். மாட்டின் கண்ணை நேருக்கு நேர் பார்த்தான். நெற்றியில் உள்ளங்கையை வைத்தான். என்ன தின்னும், எப்போது படுக்கும், வெயில் தாங்குமா என்று ஒன்று விடாமல் கேட்டான். ஆசை முகத்தில் வழிந்தது. யாரும் அவனைக் குறைவாக நினைக்கவில்லை, வழிவிட்டு நின்றார்கள். ஏனென்றால் அவன் வாங்க வந்தவன்.

தரகன் சொல்லிக் கொடுத்தது விற்கிறவன் நிற்கிற நிலை. நான் எதை விற்க வந்தேன்? வேலை இவர்களிடம் இருக்கிறது. அதை வாங்கிக்கொண்டு போகத்தானே இவ்வளவு தூரம் வந்தேன்?

அடுத்த பெண் உள்ளே வரக் காலை எடுத்து வைத்துவிட்டாள். "கொஞ்சம் இரு கண்ணு" என்று அவள் தோளைத் தொட்டு நிறுத்திவிட்டுக் கெங்கம்மாள் திரும்பி நடந்தாள். சேற்றில் இறங்குகிற மாதிரி முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகினாள். நாற்காலியை மேஜைக்கு நேரே இழுத்துப் போட்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். இரண்டு பாதங்களும் தரையில். இரண்டு கைகளும் மேஜைமேல். அனந்தபத்மநாபனின் கண்ணைப் பார்த்தாள். அன்னிய ஆணின் கண்ணை அவ்வளவு நேரம் அவள் பார்த்ததே கிடையாது. காதுமடல் இரண்டும் பற்றி எரிந்தன. பார்வையை எடுக்கவில்லை.

"ஐயா, தப்பு எங்க ரெண்டு பேர் மேலயும்தான். எங்க ஊட்டுக்காரரு மாட்டுத் தரகு. வேணும்னா வேணாதவன் மாரி நிக்கணும், அதான் சந்தைல மொற. அத்தயே சொல்லி அனுப்பிச்சாரு. நானும் வந்து அப்டியே நின்னுட்டேன். எனக்கு இந்த வேல வேணும்."

சாலமோன் சிரிப்பை அடக்கக் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அதிகாரி அவளையே பார்த்தார்.

"அப்போ அந்தக் கொட்டாவி?"

"அதுவும் ஊட்டுல பழகினதுதாங்கய்யா. கொஞ்சம் நல்லாவே பழகிட்டேன் போல கீது."

இப்போது அவரும் சிரித்துவிட்டார். கெங்கம்மாள் சிரிக்கவில்லை. அவள் இன்னும் மாட்டைச் சுற்றி வந்து பார்க்கவில்லையே.

"நான் கேக்கலாங்களா? அந்தக் கம்பி சுத்தறது நின்னுக்கினா, உக்காந்துக்கினா? வெளிச்சம் எந்தப் பக்கத்துல இருந்து வரும்? கம்பி அறுந்தா சத்தம் போடுவீங்களா, மறுபடியும் சுத்த உடுவீங்களா? ரயிலு லேட்டா வந்தா கேட்ட மூடிடுவீங்களா?"

பதில் சொல்லச் சாலமோன் மேஜைமேல் சாய்ந்து முன்னால் வந்தார். உட்கார்ந்துதான் வேலை, வெளிச்சம் இடது கைப்பக்கம், அறுந்தால் முதல் மாசம் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்துக் கேட்டுக்கொண்டாள். காலையிலிருந்து வந்த யாரும் தங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றார் அனந்தபத்மநாபன்.

"கையக் கொஞ்சம் நீட்டுங்கம்மா" என்றார் சாலமோன்.

நீட்டினாள். உள்ளங்கையைக் காட்டி, புறங்கையைக் காட்டினாள். விரல்கள் ஆடவில்லை. நடவு நட்டு நகக்கண்ணில் ஏறிய மண் இன்னும் முழுசாகப் போகவில்லை. வேறு நாளாயிருந்தால் அதை முந்தானையில் மறைத்திருப்பாள். அன்று மறைக்கத் தோன்றவில்லை.

"கை நிக்குது சார்" என்றார் சாலமோன்.

"திங்கட்கிழமை வந்துடுங்கோ" என்றார் அனந்தபத்மநாபன். "கொட்டாவிய மட்டும் ஆத்துலயே விட்டுட்டு வாங்கோ."

வெளியே வந்ததும் வராந்தாவில் இருந்த பெண்ணிடம், "நேரா போயி நாற்காலில உக்காரு கண்ணு. கண்ணப் பாத்துப் பேசு. நீயும் ரெண்டு கேள்வி கேளு" என்று சொல்லிவிட்டுத்தான் நடந்தாள். ஸ்டேஷன் வரைக்கும் அவள் நடந்த வேகத்துக்குச் சாராளால் ஈடுகொடுக்க முடியவில்லை. பொன்னேரியில் பழவேற்காட்டுக்காரியிடம் எறாக் கருவாடு ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டாள். பஸ் ஏறியதும் மழை பிடித்துக்கொண்டது.

வீட்டு வாசலில் வண்டி நின்றது. அண்ணன் சொன்னபடி வந்துவிட்டான். அண்டாவும் அம்மிக்குழவியும் ஏற்கனவே வண்டியில் ஏறியிருந்தன. தணிகாசலத்தின் கட்டிலைத் தாழ்வாரத்துக்குள் இழுத்துப் போட்டிருந்தார்கள். அவன் அதன் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பயிருக்கு இந்த மழை நல்லது என்று மச்சானிடம் பேசிக்கொண்டிருந்தான்.

நனைந்துபோய் உள்ளே வந்த தங்கையின் முகத்தைக் குப்புராஜ் பார்த்தான். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. சந்தை முகம் அவளுக்கும் கைவந்திருந்தது.

"இன்னா கெங்கா, ஆவலியா? உடு. எல்லாம் நல்லதுக்குத்தான். ஏத்திக்கினு கெளம்பலாம்" என்றான்.

மச்சான் எதிரில் கேட்டு, இல்லை என்ற பதிலை மச்சான் எதிரிலேயே வாங்கத் தணிகாசலத்துக்கு மனசு வரவில்லை. தோளிலிருந்து சிவப்புக்கரைத் துண்டை எடுத்தான். வலது கைமேல் விரித்துப் போட்டான். மழையைப் பார்த்துக்கொண்டே அந்தக் கையை அவள் பக்கம் நீட்டினான். அந்தத் துண்டுக்கடியில் எத்தனையோ ஊர்க்காரர்களின் கைகள் வந்து போயிருக்கின்றன. ஒரு பெண்ணின் கை வந்ததில்லை.

கெங்கம்மாள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துத் துண்டுக்கடியில் விட்டாள். அவன் விரல்களை முழுசாகச் சேர்த்துப் பிடித்து, எலும்பு நெரிகிற மாதிரி ஒரு அமுக்கு அமுக்கினாள்.

தணிகாசலம் மழையைப் பார்ப்பதை விட்டான். துண்டைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"ஏமே, உன் கை மேல கீதே."

"ஆமா. மேலதான் கீது."

இத்தனை வருஷத் தரகில் ஒருநாளும் கலையாத அந்தச் சந்தை முகம் உடைந்தது. வாய் காதுவரைக்கும் போயிற்று; கண்ணில் தண்ணீர் கட்டியது. கையை எடுக்க மனமில்லாமல் அப்படியே வைத்துக்கொண்டான்.

"இன்னா மாப்ள, துண்டுக்குள்ள இன்னா நடக்குது? சொல்லிட்டு செய்ங்களேன்" என்றான் குப்புராஜ்.

"மச்சான்" என்றான் தணிகாசலம். தெருக்கோடி வரைக்கும் கேட்கிற குரல் அது. "அண்டாவ எறக்கு. மாட்ட அவுத்து தண்ணி காட்டு. ராவுக்கு எறாக் கருவாட்டுக் கொழம்பு. இருந்து சாப்ட்டுட்டு, காத்தால கடையத் தொறந்ததும் வர்றவன் போறவன் கிட்டலாம் சொல்லு: தணிகாசலம் விக்கத்தான் சொல்லிக் குடுத்தான், அவம் பொண்டாட்டி போயி வாங்கிக்கினு வந்துட்டாள்னு!"